மாலை போடாத கார்த்திகை

"என்ன சாமி, உடம்பு சரியில்லையா?"

கார்த்திகை பிறந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பூஜை சாமான் கடை வைத்திருப்பவன் நான். துளசி மாலை, கருப்பு வேட்டி, இருமுடிப் பை என்று எல்லாம் தலைக்கு மேலே தோரணமாகத் தொங்குகிறது. அதற்கு நடுவே வெள்ளை வேட்டியும் வெறும் கழுத்துமாக நான். ஓட்டல் முதலாளியே தன் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்து சாப்பிட்டால் சந்தேகம் வராதா?

கல்யாணத்துக்கு முன்பிருந்தே வருஷம் தவறாமல் மலைக்குப் போகிறவன். புயல், மழை எதற்கும் விட்டதில்லை. இந்த வருஷம் மாலை போடவில்லை.

எங்கள் குருசாமிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. குப்பத்தில் சொந்தமாக போட் வைத்திருப்பவர். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, காதோடு சொல்ல வேண்டியதையும் ஊருக்கே சொல்லுவார்.

"ஏம்பா, போன வருஷம் நடுவுல கழட்டணும்னு வந்து நின்ன. இந்த வருஷம் போடவே மாட்டேன்ற. ஐயப்பனோட எதுனா தகராறா?"

"இல்ல குருசாமி... ஒரு வைத்தியம் பாக்கறோம்."

"உனக்கா, வீட்டுக்காரம்மாவுக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"சரி. இருமுடி கட்ற அன்னிக்கு வந்து சாம்பாராச்சும் ஊத்து" என்றார். அதோடு விட்டார்.

குருசாமியிடம் ஒரு வரியில் முடித்ததை உங்களிடம் அப்படி முடிக்க மனசு வரவில்லை. வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பத்தியைப் படிக்கிறீர்கள். தேர்த் திருவிழா, கற்பூர விலை, என் பழைய மொபெட் என்று எதை எழுதினாலும் பொறுத்துக்கொள்கிறீர்கள். இதை எழுதலாமா என்று என் மனைவி செல்வியிடம் கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா ஆஸ்பத்திரியில நான் சிரிச்சதையும் சேத்து எழுதணும்" என்றாள்.

எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. போன கார்த்திகையில் செல்வியின் அண்ணி, பாண்டிச்சேரியில் ஒரு லேடி டாக்டரிடம் டோக்கன் வாங்கி வைத்துவிட்டு போன் பண்ணினாள். குழந்தைக்கான டெஸ்ட்டெல்லாம் அங்கே எடுப்பார்களாம். நான் அப்போது மாலையில் இருந்தேன். அதனால் என்ன? டெஸ்ட் செல்விக்குத்தானே. நான் துணைக்குத்தானே போகிறேன்... அப்படித்தான் நினைத்தேன். கருப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை, காலில் செருப்பில்லாமல் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நர்ஸ் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள். செல்வியின் பெயரைச் சொல்லி, "ஹஸ்பெண்ட் யாருங்க?" என்றாள்.

மாலை போட்டவரை எங்கள் பக்கம் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பெண்டாட்டிக்கும் சாமிதான். செல்வி என் பக்கம் திரும்பி, "சாமி, உங்களத்தான் கூப்பிடறாங்க" என்றாள்.

பெஞ்சே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். டப்பாவை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"சாமி... நீங்க சாம்பிள் குடுக்கணுமே. இன்னிக்கு முடியாதுல்ல?"

என்ன சாம்பிள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் காது இரண்டும் சுட்டது. எதிர் பெஞ்சிலிருந்த ஒருவர், எனக்கு எப்படியாவது உதவ வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து கும்பிட்டு "சாமி சரணம்" என்றார். நானும் "சாமி சரணம்" என்றேன். இதற்காக அந்த இடத்தில் யாரும் இதுவரை சரணம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அந்தச் சிரிப்பு டாக்டர் அறைக்குள் போகும்வரைதான்.

டாக்டர் கோபப்படவில்லை. "பரவாயில்ல, மாலை கழட்டினதும் வாங்க. எப்போ கழட்டுவீங்க?"

"தை பொறந்து, ஜோதி பாத்துட்டு வந்ததும்."

"அப்ப தை மாசம் ரெண்டு பேரும் வந்துடுங்க."

"தையில நான் சக்தி மாலையில இருப்பேன் மேடம்" என்றாள் செல்வி. "சிவப்புச் சேலை. பூசம் வரைக்கும்."

"சரி, மாசில?"

"மாசில வரலாம். பங்குனியில திரௌபதி அம்மனுக்குக் காப்பு கட்டிடுவாங்க. இவரு தீ மிதிக்கிறாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆடியில?"

"ஆடி முழுக்க அம்மனுக்கு வேண்டுதல் இருக்குது. புரட்டாசி பெருமாளுக்கு. ஐப்பசியில சஷ்டி விரதம்... அது புள்ளைக்காகவே இருக்கறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை போயிடுவோம், மலை சுத்த. செவ்வாய், வெள்ளி எனக்கு விரதம். சனிக்கிழமை இவருக்கு."

விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தவள், தானாகவே நிறுத்திவிட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் ரொம்ப மெதுவாகக் கேட்டார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த விரதம் எல்லாத்துலயும் நீங்க ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் படுப்பீங்களா?"

"விரதம்னா அப்படித்தானே மேடம்."

"எல்லாமே குழந்தைக்காக வேண்டிக்கிட்டதா?"

"வேற எதுக்கு?"

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நம்புவீர்களா? பதினோரு வருஷத்தில் இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. எனக்காக அவள் ஒரு வேண்டுதல் எடுப்பாள். அவள் எடுத்துவிட்டாளே என்று நான் இன்னொன்று எடுப்பேன். போன வருஷம் பலிக்கவில்லையா... அப்படியானால் இந்த வருஷம் கூட ஒன்று. ஒவ்வொரு மாசத்துக்கும் என்ன நிறத் துணி விற்கும் என்று தெரிந்து சரக்குப் போடுகிறவன் நான். கார்த்திகைக்குக் கருப்பு, தைக்குச் சிவப்பு, ஆடிக்கு மஞ்சள். அத்தனையும் என் வீட்டு அலமாரியிலும் இருந்தது. பிள்ளை வரம் கேட்டுக் கேட்டே, பிள்ளைக்கு வழியில்லாமல் பண்ணி வைத்திருந்தோம்.

ஊருக்கு வந்ததும் நேரே குருசாமியிடம் போய், மாலையைக் கழற்ற முடியுமா என்று கேட்டேன்.

"நெருங்கின சொந்தத்துல சாவு விழுந்தாதான் கழட்டலாம் சாமி. யாரு செத்தாங்க?" என்றார்.

யாரும் சாகவில்லை. மலைக்குப் போனேன். பதினெட்டாம் படி ஏறும்போது அந்த வருஷம் மட்டும், 'சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவிடப்பா' என்று வேண்டிக்கொண்டேன். திரும்பி வந்தால் செல்வி சிவப்புச் சேலையில் நிற்கிறாள். டாக்டரிடம் சொன்ன அதே வேண்டுதல்தான். "நீங்க ஒழுங்கா முடிச்சிட்டு வந்தீங்க. நான் பாதியில விட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். "சரி சக்தி" என்றேன். அவள் மாலையில் இருந்தால் நான் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

மாசியில்தான் டெஸ்ட் எடுக்க முடிந்தது. அவளுக்கு ரத்தம், ஸ்கேன், குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரே. அது வலித்ததாக அப்புறம்தான் சொன்னாள். எனக்கு அந்த டப்பா. ஆஸ்பத்திரியில் எல்லா அறையிலும் ஏதாவது ஒரு சாமி படம் மாட்டியிருந்தார்கள். என்னை அனுப்பிய அறையில் மட்டும் மாட்டவில்லை. அப்படி யோசித்துச் செய்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

ரிப்போர்ட் வந்தது.

"உங்களுது நார்மல் சார். அம்மாவுக்கும் அடைப்பு எதுவும் இல்ல. ஆனா வயசு முப்பத்தேழு ஆயிடுச்சில்ல... கருமுட்டை இருப்பு ரொம்பக் குறைஞ்சிருக்குது" என்றார் டாக்டர்.

"அது திரும்ப ஏறாதா மேடம்?" செல்வி கேட்டாள்.

"ஏறாதும்மா. இருக்கறத வச்சு முயற்சி பண்ணலாம். ஒரு நாலஞ்சு வருஷம் முன்ன வந்திருந்தீங்கன்னா..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அந்தப் பேச்சை இன்றைக்கும் நாங்கள்தான் மனசுக்குள் முடித்துக்கொண்டிருக்கிறோம்.

வியாதி என்று ஒன்று இருந்தால் அதன் மேல் கோபப்படலாம். ஒன்றுமில்லை, காலம்தான் போய்விட்டது என்றால் யார் மேல் கோபப்படுவது? சாமி மேலா? பஸ்ஸில் வரும்போது நான் கொஞ்சம் அப்படித்தான் ஆரம்பித்தேன். "இத்தனை வருஷம் கும்பிட்டதுக்கு..." என்று வாய் எடுத்ததுமே செல்வி தடுத்துவிட்டாள்.

"அவர ஏன் இழுக்கறீங்க? மாலை போட்டுக்கோன்னு அவரா வந்து கேட்டாரு?"

கூனிமேடு தாண்டி, மரக்காணம் உப்பளம் வந்தது. பாத்திகளில் அப்போதுதான் அந்த வருஷத்து உப்பு வெளுக்க ஆரம்பித்திருந்தது. செல்வி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க கருப்பு கட்டின மாசமும் நான் சிவப்பு கட்டின மாசமும்தான் எனக்கு நிம்மதியா இருந்துது."

"ஏன்?"

"மத்த மாசமெல்லாம் நாள் தள்ளிப் போவுதான்னு பாத்துக்கினே இருக்கணும். தலைக்கு ஊத்திக்கிட்டா அன்னிக்கு முழுக்க அழணும். விரத மாசத்துல அந்தத் தொல்லை இல்ல. எதிர்பாக்க ஒண்ணுமே இல்லியே. தெருவுல யாரும் விசேஷம் உண்டான்னு கேக்க மாட்டாங்க. மாலையப் பாத்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் என்ன தெரியுமா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

நான் இப்போதும் சொல்கிறேன், விரதம் நல்லது. மனசைக் கட்டும், உடம்பைச் சுத்தம் பண்ணும். ஆனால் விரதம் இருப்பது சுலபம். டாக்டர் முன்னால் இரண்டு பேருமாகப் போய் உட்காருவதுதான் கஷ்டம். பசியைத் தாங்கிவிடலாம்... ரிப்போர்ட் என்ன சொல்லுமோ என்கிற பயத்தைத் தாங்க முடிவதில்லை. அந்தப் பயத்தை நாங்கள் கொண்டுபோய் சாமிக்குப் பின்னால் ஒளித்துவைத்தோம். அவரும் பாவம், ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

மாத்திரை, ஊசி என்று மாசங்கள் போயின. கரு தங்கவில்லை. கடைசியாக டாக்டர், இருக்கிற முட்டையை வெளியே எடுத்துக் கரு சேர்த்து வைக்கிற முறையை ஒரு தடவை பார்த்துவிடலாம், இன்னும் தள்ளிப்போட்டால் அதற்கும் வழியில்லை என்றார். அந்த ஒரு தடவை இந்தக் கார்த்திகையில் வந்து நிற்கிறது. செல்விக்கு தினமும் ஊசி. ஆஸ்பத்திரியில் அழைக்கிற அன்றைக்கு நானும் போக வேண்டும். ஆகவே கருப்பும் இல்லை, சிவப்பும் இல்லை.

பயம் இல்லையா என்றால், இருக்கிறது. தினமும் விளக்கேற்றும்போது, 'கோபம் என்றால் என் மேல் வை, அவள் மேல் வைக்காதே' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு பையன் கடைக்கு வந்தான். உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். கல்யாணமாகி மூன்று வருஷம் இருக்கும். வெளியே ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி நின்றாள்.

"அண்ணே, எனக்கு ஒரு துளசி மாலை, கருப்பு வேட்டி. அவளுக்குத் தையில போட சிவப்புச் சேலையும் இப்பவே எடுத்துடறேன்."

"என்னப்பா வேண்டுதல்?"

தலையைச் சொறிந்தான். "எல்லாம்... அதுதாண்ணே."

செல்வி கடைக்குள்ளே திரி உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது.

"டாக்டர் யாரையாவது பாத்தீங்களா?" என்றேன்.

"அவள ஒரு வாட்டி இட்டுனு போனாங்க."

"அவள இல்லப்பா, ரெண்டு பேரும். முதல்ல ரெண்டு பேரும் போய் டெஸ்ட் குடுத்துட்டு வாங்க. மாலை எங்கயும் போயிடாது. நானே எடுத்து வைக்கிறேன்."

"எனக்கு எதுக்குண்ணே டெஸ்ட்டு? நான் நல்லாத்தானே இருக்கறேன்." முகம் மாறிவிட்டது. "இன்னாண்ணே, மாலை கேட்டா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு, நேரே எதிர்க் கடைக்குப் போனான். மாலை, வேட்டி, சேலை எல்லாம் அங்கேயே வாங்கினான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"வியாபாரம் போச்சு" என்றாள் செல்வி.

"போகட்டும் விடு."

"அந்தப் பொண்ணு என் கையையே பாத்துக்கினு இருந்துது" என்றாள். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. "அவ வருவா, பாருங்க."

வருவாளா? தெரியாது. எங்களுக்கே என்ன வரும் என்று தெரியாது. இன்னும் சில நாளில் அழைப்பார்கள். போவோம். கொடுத்தால் கும்பிடுவேன். கொடுக்காவிட்டாலும் கும்பிடுவேன், வேறெங்கே போவது? ஆனால் போன வருஷங்கள் போனதுதான். அதை எந்தச் சாமியிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மதியம் கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்படியிலிருந்து செல்வி, "சாமி..." என்று ஆரம்பித்தாள். கார்த்திகை மாசத்துப் பழக்கம், போகுமா? சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பிறகு அதே குரல்.

"ஏங்க... சோறு ஆறுது, வாங்க."

இத்தனை வருஷத்தில், கார்த்திகையில் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.