ஷோகேசில் இருந்த கொம்பு விலங்குகள்

என் தம்பி கனடாவின் வடக்கில், ஒரு சுரங்க முகாமில் சமையல்காரனாக இருந்தான். அங்கே குசினி வாசலுக்கு ஓர் இனுயிட் பழங்குடிக் கிழவர் வருவார். கரிபு மானின் கொம்பில் அவர் செதுக்கிய விலங்குகளை வாங்கி, ஜேர்மனியில், பீலெஃபெல்டில் இருந்த எனக்கு அனுப்பினான். ஒரு பனிக்கரடி, ஒரு கடல்நாய், ஓர் ஆந்தை. கரடியின் முதுகில் கொம்பின் சொரசொரப்பைக் கிழவர் அப்படியே விட்டிருந்தார். தடவினால் மயிர் போல இருக்கும். மூன்றையும் ஷோகேசில், சாமிப் படங்களுக்குக் கீழே வைத்தேன்.

போன குளிர்காலம் தம்பி மூளையில் இரத்தம் கசிந்து விழுந்தான். ரொறன்ரோ ஆஸ்பத்திரியில் மெசினில் கிடந்தான். அவனுக்கு என்னை விட்டால் ஆளில்லை. எனக்கோ நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்திருந்தார்கள். விமானம் ஏறவே கூடாதாம். ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நாய்ப் பிழைப்பு.

அந்த நேரம் பார்த்துப் பிராங்பேர்ட்டிலிருந்து மனைவியின் தங்கை வந்தாள்.

"அத்தான், சாமிக்குக் கீழ எலும்பை அடுக்கி வச்சுக்கொண்டு, அவர் எழும்ப வேணும் எண்டு கும்பிட்டா எப்பிடி?"

"எலும்பில்லை, கொம்பு. மான் வருசா வருசம் தானா விழுத்திறது. பிறகு புதுசு முளைக்கும். செத்த சாமானில்லை."

"அதோட ஒரு ஆந்தை வேற. முழிச்சுப் பாக்குது."

"உன்னைத்தான் பாக்குது."

மனைவி ஆந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பிக்காக ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தவள் அவள்.

அடுத்த நாள் எனக்கு இதய டொக்டரைப் பார்க்க டெர்மின், குறித்துத் தந்த நேரம். திரும்பி வந்தால் ஷோகேசில் மூன்றும் இல்லை. நகரசபை பழைய தளபாடம் அள்ளும் நாள் அது. மனைவி அவற்றைப் பெட்டியில் போட்டுத் தெருவோரம் வைத்துவிட்டிருந்தாள்.

"அவர் எழும்பட்டும். பிறகு நூறு வாங்கலாம்" என்றாள்.

படிகளில் ஓடினேன். ஓடக் கூடாத ஆள் நான். தெருவில் ஒரு மெத்தையும் கால் உடைந்த கதிரையும் கிடந்தன. பெட்டியை எவனோ தூக்கிப் போய்விட்டான். அக்கம்பக்கத்து மணியெல்லாம் அடித்துக் கேட்டேன். ஒருவரும் காணவில்லை.

அந்தக் கிழமையே ரொறன்ரோவிலிருந்து அழைத்தார்கள். மெசினைக் கழற்றிவிட்டார்கள். வீட்டில் எலும்பும் இல்லை, அவனும் இல்லை.

மனைவி அவன் படத்தைக் கொண்டுவந்து ஷோகேசில் வைத்தாள். பக்கத்தில் வைக்க அவன் கைபட்ட சாமான் ஏதும் இருக்கிறதா என்று அழுதுகொண்டே கேட்டாள். என்ன இருக்கிறது? கண்ணாடித் தட்டில் தூசி படிந்திருந்தது. அவை நின்ற மூன்று இடங்கள் மட்டும் துப்புரவாக இருந்தன. துடைக்கத் துணியோடு வந்தாள்.

"தொடாதை" என்றேன்.