கோழைகள் பட்டியலில் ஒரு ஹவில்தார்

தனுஷ்கோடி 1980-இல், பதினெட்டு வயதில், ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தார். பனிமலைகளில் டெலிபோன் கம்பி இழுத்தார். கடைசி இரண்டு வருடம் கம்ப்யூட்டர் வேலைக்கு மாற்றினார்கள். புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டது அங்கேதான். 97-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பியதும் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மனைவி சீனியம்மாள் செட்டியார்பட்டியில் கணக்கு டீச்சர்.

ஊரில் அவருக்குக் கோபக்காரர் என்று பெயர். பஸ்ஸில் யாராவது இடித்துத் தள்ளி ஏறினால் ராஜபாளையம் வந்து சேரும்வரை அந்த ஆளை விடமாட்டார்.

98-இல் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. மதுரைக்கு டயல் செய்து, மோடத்தின் கீச்சுக்குரல் அடங்கக் காத்திருந்து உள்ளே போக வேண்டும். அப்படிப் போனபோதுதான் அந்த விளையாட்டு கிடைத்தது. படமே கிடையாது, எழுத்து மட்டும். ‘வடக்கே போ’, ‘வெட்டு’, ‘கேடயம் தூக்கு’ என்று இங்கிலீஷில் டைப் அடிக்க வேண்டும். கோட்டைக்குள் எதிரே நிற்பவன் பிரேசில்காரனாக இருப்பான், அல்லது போலந்துக்காரனாக. தனுஷ்கோடி அங்கே ‘ஹவில்தார்’ என்றே பெயர் வைத்துக்கொண்டார். தினமும் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து, மில் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை விளையாடுவார்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. வீட்டுச் சுவரில் டெலிபோன் கம்பி சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கினால் லைன் செத்துவிடும். லைன்மேன் வந்து டேப் சுற்றிவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை. மூன்று முறை சண்டைக்கு நடுவில் லைன் போனது.

மூன்றாம் முறை போனதற்கு மறுநாள் விளையாட்டின் முகப்பில் ‘கோழைகள்’ என்ற பட்டியலைப் பார்த்தார். ‘ஹவில்தார், இந்தியா. மூன்று முறை போரிலிருந்து ஓடினார்.’

அன்று சீனியம்மாள் கொண்டுவந்த காபி அப்படியே ஆறிப்போனது. “பதினேழு வருஷம்! ஒரு நாள் போஸ்ட்டை விட்டு நகர்ந்திருக்கேனா? என்னையப் பாத்து எவனோ ஒருத்தன் கோழைங்கான்” என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

விளையாட்டை நடத்துபவர்களுக்குக் கடிதம் எழுதினார். ‘வார்டன்’ என்ற பெயரில் அவர்களில் ஒருவர் பதில் போட்டார்: சண்டைக்கு நடுவில் இணைப்பு போனால் ஓடியதாகத்தான் கணக்கு, விதி எல்லோருக்கும் ஒன்றுதான், நல்ல இணைப்பு இல்லாதவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

அந்தக் கடைசி வரிதான் அவரை உட்கார வைத்தது. நான்கு வாரம் எழுதி ஒரு புரோகிராம் செய்தார். அதை எப்போதும் இணைப்பில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, அதன் வழியாக விளையாட்டுக்குள் போக வேண்டும். வீட்டு லைன் செத்தாலும் புரோகிராம் உள்ளேயே நிற்கும். திருப்பி வெட்டாது, ஓடவும் ஓடாது. ஆள் திரும்பி வரும்வரை கேடயத்தைத் தூக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். அதற்குச் ‘சென்ட்ரி’, காவல் நிற்கும் சிப்பாய், என்று பெயர் வைத்தார். மணிலாவில் லிகாயா என்ற மாணவி இருந்தாள். அவளும் அதே பட்டியலில் இருந்தவள். தன் கல்லூரி கம்ப்யூட்டரில் அனுமதி வாங்கிச் சென்ட்ரியை நிறுத்தினாள். அதன் வழியாகப் பத்துப் பேர் விளையாடத் தொடங்கினார்கள்.

இரண்டு வாரத்தில் வார்டன் தடை போட்டார். சென்ட்ரி ஒரு ரோபோ, ஆளுக்குப் பதிலாகச் சண்டை போடுகிறது, பயன்படுத்துபவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று அறிவித்தார்.

“முதல்ல கோழை. இப்பத் திருடன்!” தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார் தனுஷ்கோடி.

சீனியம்மாள் தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். “செத்த நேரம் உக்காருங்க. காப்பி அடிச்சியான்னு நான் ஒரு பிள்ளையக் கேட்டா, அது என்ன செய்யும்? அடிக்கலைன்னா பேப்பரைத் தூக்கி என் முன்னால வைக்கும். நீங்க எழுதுனதை எடுத்து எல்லாருக்கும் முன்னால வையுங்க. எந்த வரியில சண்டை போடுதுன்னு அவிய காட்டட்டும்.”

“எவனாவது எடுத்துத் தன் பேரைப் போட்டுக்கிட்டா?”

“போட்டா போடட்டும். உங்களுக்குப் பேரு வேணுமா, மானம் வேணுமா?”

மறுநாள் காலை சென்ட்ரியின் ஆயிரத்து நூறு வரிகளையும் விளையாட்டுக்காரர்களின் பொது அஞ்சலில் போட்டார். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், இலவசமாகப் பரப்பலாம். மேலே ஒரே ஒரு வாக்கியம்: ‘இதில் ஏமாற்று எங்கே என்று காட்டுங்கள்.’

வார்டன் எந்த வரியையும் காட்டவில்லை. லிகாயாதான் காட்டினாள். 640-ஆம் வரி. சென்ட்ரி அரை வினாடிக்கு ஒருமுறை கேடயம் தூக்குகிறது, மனிதக் கையால் அது முடியாது, ஆகவே லைன் போன ஆளை யாராலும் வெட்ட முடியாது என்று எழுதியிருந்தாள். தனுஷ்கோடிக்கு முகம் சிவந்துவிட்டது. இவளும் அவன் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று மில்லுக்குப் போகும் வழியெல்லாம் பொருமினார். மதியம், கேன்டீன் மேஜையில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். அவள் சொன்னது சரி. தெரியாமலே செய்தாலும் அது ஏமாற்றுதான். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

சாயங்காலமே நான்கு வினாடிக்கு ஒருமுறை என்று மாற்றினார். ‘தவறு என்னுடையது. கண்டுபிடித்தவர் லிகாயா’ என்று அதையும் பொதுவில் எழுதினார். அதன்பிறகு பெருவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஆட்கள் திருத்தம் அனுப்பத் தொடங்கினார்கள். கெட்டுப்போன லைன்கள் உலகமெங்கும் இருந்தன. நூற்றெழுபது பேர் கையெழுத்திட்டுக் கேட்டதும், 99 பங்குனியில் வார்டன் தடையை நீக்கினார். கோழைகள் பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது.

கோழை என்றதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதும்படி தனுஷ்கோடி வார்டனுக்கு எழுதினார். பதில் வந்தது: ‘இது வெறும் விளையாட்டுதானே, ஏன் இவ்வளவு கோபம்?’

ஆறு பக்கம் எழுதினார். சீனியம்மாள் படித்துவிட்டு, “எம்புட்டுத் திட்டு! வாத்தியாருக்கே சொல்லித் தருவீங்க போல” என்றாள். கிழித்துப் போட்டுவிட்டு மூன்று வாக்கியம் அனுப்பினார். ‘விளையாட்டில் தோற்றவனுக்குத் தோற்றவன் என்று பெயர். கோழை என்பது விளையாட்டுச் சொல் இல்லை. அதை யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.’

இதற்குப் பதிலே வரவில்லை. ஆடி மாதம் ஒரு நாள் அந்தப் பட்டியல் முகப்பிலிருந்து காணாமல் போயிருந்தது. ஏன் எடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

“அதான் எடுத்துட்டாங்கள்ல, பொறவு என்ன?” என்றாள் சீனியம்மாள்.

“எடுத்தான். தப்புன்னு சொன்னானா?”

அவர் அதன்பிறகு கோட்டைக்குள் போகவே இல்லை. லிகாயா இரண்டு முறை கூப்பிட்டும் மறுத்துவிட்டார். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவது நிற்கவில்லை. சென்ட்ரியைப் பற்றி அன்றாடம் நாலைந்து கடிதம் வரும். சிலர் புரோகிராமைப் படிக்காமலே சந்தேகம் கேட்பார்கள். ‘முதலில் படி’ என்று கோபமாகத் தொடங்கி, எப்படிச் செய்வது என்று இரண்டு பக்கம் விளக்கி எழுதிவிட்டு, மில் பஸ்ஸுக்கு ஓடுவார்.