அக்காவின் ஊருக்கு வந்த கட்டிடம்

நெடுந்தீவில் எங்கள் வீட்டுக்கும் பவர்ஹவுசுக்கும் நடுவே ஒரு கல்வேலிதான். தீவு முழுவதற்கும் கரண்ட் அங்கிருந்துதான் வருகிறது. எஞ்சினுக்கு வேண்டிய டீசல் கடல் தாண்டி வரவேண்டும். கடல் கொந்தளித்தால் எஞ்சினுக்கு ஓய்வு, கூடவே என் தையல் மெசினுக்கும் ஓய்வு. பள்ளிச் சீருடை தைப்பது என் தொழில்.

அப்படி ஒரு ஓய்வுப் பொழுதில்தான் அக்கா நோர்வேயிலிருந்து அழைத்தாள். கலியாணம் கட்டி அங்கே போனவள். சின்ன ஊரொன்றில் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள்.

"எடி, எங்கட வீட்டுக்குக் கிட்டப் பெரிய கட்டிடம் ஒண்டு கட்டப் போறாங்களாம். ஆக்கள் இருக்கிறதுக்கில்லை. முழுக்கக் கம்பியூட்டர். உந்த ஏஐக்கு."

"கட்டட்டுமன்."

"கட்டட்டுமோ? ஒரு ஊர் பாவிக்கிற கரண்டை அது தனியக் குடிக்குமாம். எங்கட பில் ஏறாதே? இரைச்சல் வேறையாம்."

ஊர்க்கூட்டத்தில் எதிர்த்துப் பேசப் பெயரும் கொடுத்துவிட்டாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள்! அதுவும் அந்த நாட்டு மொழியில். பேச்சை யார் எழுதித் தந்தது என்று கேட்டேன்.

"ஏஐ தான். வேறை ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிக்காதை. அது எழுதினதும் சரியில்லை. எங்கட பக்கமும் நியாயமாம், அவையின்ர பக்கமும் நியாயமாம். தன்ர ஆக்களை விட்டுக் குடுக்குதில்லை. நீ பவர்ஹவுசுக்குப் பக்கத்திலை இருக்கிறாய்தானே, அந்தச் சத்தத்தோட இருக்கிறது எப்பிடி எண்டு சொல்லு. அதைச் சொல்லுவம்."

யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எஞ்சின் ஓடும்போது எங்களுக்கு அது கேட்பதே இல்லை. நின்றால்தான் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்போம்.

"உதைச் சொன்னால் நான் தோத்துப்போவன்," என்று போனை வைத்துவிட்டாள்.

பாவமாக இருந்தது. கல்வேலியைச் சுற்றிக்கொண்டு பவர்ஹவுசுக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் அண்ணை, டீசல் வரும் வரைக்கும் ஆஸ்பத்திரிக்காக ஒரு சின்ன எஞ்சினை மட்டும் ஓட்டிக்கொண்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவின் கதையைச் சொன்னேன்.

"அப்பிடியொரு கட்டிடம் எங்கட தீவு மாதிரி எத்தினை தீவின்ர கரண்டைக் குடிக்கும், அண்ணை?"

"எனக்கு என்னண்டு தெரியும்? பொறும், அதிட்டையே கேப்பம்," என்று தன் போனை எடுத்தார். கேள்வியை விரலால் குத்திக் குத்தி எழுதினார். பதில் ஒரு முழம் நீளத்துக்கு வந்தது. அதில் இருந்த எண்ணைப் பார்த்து வாய் பிளந்தோம். சந்தேகத்தில் இன்னொரு முறை கேட்டபோது வேறொரு எண்ணைச் சொன்னது.

"டீசல் கணக்கை உதிட்டைக் குடுத்தால் தீவு இருட்டுத்தான்," என்று அண்ணை சிரித்தார்.

திரும்பும்போது எஞ்சின் அறைக்குப் பின்புறம் பார்த்தேன். சூடான காற்று வெளியே தள்ளும் இடத்தில் ஒரு கயிறு கட்டி, இடுப்பில் கட்டும் தன் சாரத்தைக் காயப் போட்டிருந்தார்.

"சும்மா போற சூடுதானே, பிள்ளை. மழை நாளிலும் காஞ்சிடும்."

அன்று பின்னேரம் எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்பித்தேன். சாரத்தையும்தான். உதவும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது, சொன்னேன்.

கூட்டத்தில் நடந்ததை அடுத்த நாள் அக்கா மூச்சு விடாமல் சொன்னாள். எழுதிக்கொண்டு போன தாளைப் பார்த்ததும் எழுத்தெல்லாம் கலங்கியதாம். தாளை மடித்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறாள். "நான் பிறந்த தீவில் கரண்ட் எங்கிருந்து வருகிறதென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடலைப் பார்த்துத்தான் சட்டைக்கு அயர்ன் போடுவோம். இந்தக் கட்டிடத்துக்கு எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள்?" சாரக் கதையைச் சொன்னதும் மண்டபமே சிரித்ததாம். சிரித்து முடிய ஒரு வயதான பெண் எழும்பி, "அப்ப இவையின்ர கம்பியூட்டருகளின்ர சூடு எங்கை போகும்?" என்று கேட்டிருக்கிறாள். கம்பனிக்காரர் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டு போனார்களாம்.

"நான் கதைச்சனான், எடி! தமிழ்ச்சி கதைச்சனான்!"

கட்டிடம் நிற்கவில்லை. ஆனால் முதலில் சொன்னதைவிடச் சிறிதாகக் கட்டினார்கள். இன்னும் சில கூட்டங்களுக்குப் பிறகு, அதன் சூட்டைக் குழாய் வழியே ஊர் நீச்சல் குளத்துக்குக் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். அக்காவின் பில் ஏறித்தான் இருக்கிறது. அதற்கு யாரைத் திட்டுவதென்று அவளுக்கு இன்னும் தெளிவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அந்தக் குளத்தில்தான் அக்கா நீந்தப் பழகுகிறாள். நான்கு பக்கமும் கடல் உள்ள தீவில் பிறந்து, முழங்கால் நனைய நின்றுவிட்டுக் கரையேறியவள்! தலையில் ரப்பர் தொப்பியோடு வீடியோவில் வந்தாள். பின்னால் தண்ணீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"நல்ல இதமாய்க் கிடக்கு. இன்னும் கொஞ்சம் சூடு வேணும்," என்றாள். "எடி, எல்லாருமாச் சேர்ந்து உந்த ஏஐயிட்டை நிறையக் கேள்வி கேட்டால், தண்ணியும் இன்னும் சுடுமோ?"

"ஓம், சுடும்," என்று சொல்லிப் போனை வைத்தேன். கரண்ட் இருந்தது, தைக்க நிறையக் கிடந்தது.