ஒரே சர்வரில் இரண்டு மச்சான்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குத் தர்மேந்திரனைத் தெரியும். தயாரிப்பே நின்றுபோன, காப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள்களுக்கு உதிரிப்பாகம் தேடுகிறவர்கள், ஊர் ஊராக அலைந்துவிட்டுக் கடைசியில் அவர் கடைக்குத்தான் வருவார்கள். டவுனை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியபோது வேலை போய்க் குடும்பம் வெளியே வந்தது. ஈப்போவில் ஒரு சீனரின் பட்டறையில் பல வருடம் கை கறுக்க வேலை பார்த்து, பிறகு சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டார்.

வாழ்க்கையில் குறை என்று சொல்ல அவருக்கு ஒன்றுதான் இருந்தது. அதன் பெயர் தனேஸ்வரன்.

தனேஸ்வரன் அவர் மனைவி ஷர்மினியின் அண்ணன். அவருக்கும் இதே தொழில்தான், ஈப்போ புந்தோங்கில். இரண்டு பேரும் அந்தச் சீனர் பட்டறையில் ஒன்றாக வேலை கற்றவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் தர்மேந்திரன் ஷர்மினியைக் கட்டினார். கைவேலையில் மச்சான் தனக்கு ஒரு படி கீழேதான் என்று தர்மேந்திரன் மனதார நம்பினார். ஆனால் மச்சானுக்கு வாய் இருந்தது. சனிக்கிழமை காலையில் ஃபோனை எதிரே நிறுத்தி வைத்துவிட்டு, பழைய கார்புரேட்டர் ஒன்றைக் கையில் ஏந்தி, மலாயும் தமிழும் கலந்து நேரலையில் பேச ஆரம்பித்தார் என்றால் ஜொகூர் வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். தர்மேந்திரனும் பார்ப்பார், மச்சான் எங்கே தப்பாகச் சொல்கிறார் என்று பிடிப்பதற்காக.

தனேஸ்வரன் இணையத்தளம் போட்டதும் தர்மேந்திரனும் ஒன்று போட்டார். இரண்டையும் செய்துகொடுத்தவர் ஈப்போவில் தளம் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் தீபன். தர்மேந்திரன் தன் தளத்தில் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்துப் போட்டார். எது எந்த வண்டிக்குச் சேரும், எதைக் கொஞ்சம் ராவினால் சேரும், எது சேருவது மாதிரி ஏமாற்றும் என்று பக்கத்தில் பொறுமையாக எழுதியும் வைத்தார்.

கொஞ்ச நாளில் தளம் திணற ஆரம்பித்தது. மற்ற நாட்களில் ஒழுங்காகத் திறக்கும். சனிக்கிழமை ஆனால் வெள்ளைத் திரைதான். அப்படி ஒரு சனிக்கிழமையில் தெலுக் இந்தானிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒங்க சைட்டு ரோசாக்கா, கெட்டுப் போச்சா? தொறக்கவே மாட்டேங்குது. பரவால்ல, அந்த டேங்க் மூடிய நான் வேற எடத்துல வாங்கிட்டேன்."

"எங்க வாங்குனீங்க?"

"ஈப்போல, தனேஸ் அண்ணேகிட்ட."

அன்று மதியம் ஷர்மினி அனுப்பிய சாப்பாடு பிரிக்காமலே கிடந்தது. தர்மேந்திரன் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஈப்போவுக்கு வண்டியை விட்டார்.

தீபன் விஷயத்தை மறைக்கவில்லை. "அண்ணே, ஒங்க சைட்டு இருக்கறது ஒரு சர்வர்ல. சர்வர்னா எந்நேரமும் ஓடிக்கிட்டே இருக்கற ஒரு கம்ப்யூட்டரு. அதுல நீங்க மட்டும் இல்ல, நெறைய பேரு இருக்காங்க. ஒரு வீட்ட ரூம் ரூமா வாடகைக்கு விட்ட மாதிரி. ரூம் வேற வேற, பாத்ரூம் ஒண்ணுதான்."

"எங்க மச்சானும் அந்த வீட்லதான் இருக்கானா?"

தீபன் தலையைச் சொறிந்தார். "அவரும் அங்கதான். சனிக்கெழம லைவ் முடிஞ்சதும் அவரு சைட்டுக்குக் கூட்டம் பாயும். அவரு உள்ள போய்ட்டாருன்னா, நீங்க துண்டோட வெளிய நிக்க வேண்டியதுதான்."

தர்மேந்திரனுக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை நாளாக மச்சான் குளித்து முடிக்கத்தான் காத்துக் கிடந்தோமா?

"வேற வழி இல்லியா?"

"வி.பி.எஸ்.னு ஒண்ணு இருக்கு. அது ஃப்ளாட்டு மாதிரி. கட்டடம் ஒண்ணுதான், பல பேரு இருப்பாங்க. ஆனா ஒங்களுக்குத் தனிக் கதவு, தனித் தண்ணித் தொட்டி, தனி மீட்டரு. பக்கத்து வீட்ல கல்யாணமே நடந்தாலும் ஒங்க தண்ணி ஒங்களுக்குத்தான்."

"அவன்ட்ட இருக்கா அது?"

"இல்ல."

"அப்ப எனக்குப் போடு."

"போடலாம்ண்ணே. ஆனா பூட்டு, சாவி, கூட்டறது, பெருக்கறது எல்லாம் நம்ம பொறுப்பு. வேணும்னா நானே பாத்துக்கறேன், கொஞ்சம் கூட ஆவும்."

மச்சானின் வீட்டையும் பார்த்துக்கொள்கிற ஆளிடம் தன் சாவியைக் கொடுப்பதா? தர்மேந்திரனுக்கு மனம் ஒப்பவில்லை. "சாவி என்ட்டயே இருக்கட்டும்லா" என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு ஆள் மாறிப்போனார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதையெதையோ தட்டிக்கொண்டு, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். சர்வருக்குக் கடவுச்சொல்லாகக் கடைப் பெயரையே வைத்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகளை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். தளம் மட்டும் தொட்டதும் திறந்தது. ஷர்மினியைக் கூப்பிட்டுத் தன் தளத்தையும் அவள் அண்ணனின் தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினார். தன்னுடையது வந்துவிட்டது. மச்சானுடையதில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்க அண்ணே பேஜு சுத்தறதுல ஒங்களுக்கு அவ்ளோ சந்தோஷமா?" என்று கேட்டாள் ஷர்மினி.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. சில வாரங்களில் மச்சானின் தளமும் கொஞ்சம் வேகமானது போலத் தெரிந்தது. தான் காலி செய்த இடத்தில் அவன் காலை நீட்டிக்கொண்டான் என்று நினைத்தபோது தர்மேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் தளம் அடியோடு காணாமல் போனது. எவனோ ஏவிவிட்ட நிரல் ஒன்று அவருடைய லேசான கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே புகுந்திருந்தது. உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, அவர் சர்வரிலிருந்தே ஊரெல்லாம் குப்பை மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. சர்வர் வாடகைக்கு விட்ட நிறுவனம் கதவை இழுத்து மூடிவிட்டது. வேறு வழியில்லாமல் தீபனிடம் போனார்.

"பேக்-அப் எடுத்து வச்சிருக்கீங்கல்ல, எங்க இருக்கு?"

"அதே சர்வர்லதான் வச்சிருந்தேன்."

"அதுவும் சேந்து போயிருச்சுண்ணே" என்றார் தீபன்.

இரண்டு வருட உழைப்பு. படம் எடுத்த பழைய ஃபோனும் எப்போதோ உடைந்து போயிருந்தது. வீட்டுக்கு வந்து ஷர்மினியிடம் நடந்ததைச் சொன்னார். அழுதுவிடுவார் போலிருந்தது. ஆனாலும் அவர் முதலில் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "ஒங்க அண்ணேகிட்ட மட்டும் சொல்லாத."

ஷர்மினி சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனேஸ்வரன் மடிக்கணினியோடு வந்து நின்றார். உட்காரச் சொல்லுமுன் உட்கார்ந்து, அதைத் திறந்து மேசைமேல் திருப்பி வைத்தார். தர்மேந்திரனின் படங்கள், அவர் எழுதிய குறிப்புகள், எல்லாம் வரிசையாக இருந்தன.

"இது எப்புடி ஒன்ட்ட வந்துச்சு?"

"ஒன் சைட்டுல புதுசா எது போட்டாலும் நான் எடுத்து வச்சுக்குவேன் மச்சான்."

"எதுக்கு?"

தனேஸ்வரன் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "எது எந்த வண்டிக்குச் சேரும்னு கேட்டா எனக்குப் பாதி தெரியாதுலா. ஒன் சைட்டப் படிச்சிட்டுத்தான் லைவ்ல உக்காருவேன். ஒனக்கு ஒரு தடவ தொட்டுப் பாத்தா போதும். பட்டறையில இருந்தப்பவே அத நெனச்சு எனக்கு வயிறு எரியும்."

தர்மேந்திரனுக்குக் கோபம் வந்தது. கூடவே, சொன்னால் வெட்கம், ஒரு குளிர்ச்சியும் வந்தது. இத்தனை வருடமாக எரிந்தது தன் வயிறு மட்டும் இல்லை.

"என் எழுத்தப் படிச்சுத்தானா இவ்ளோ பேரு வாங்குன? அதையும் தப்பாப் படிச்ச. லைவ்ல நீ காட்டுன கிளட்ச் தட்டு நீ சொன்ன வண்டிக்குச் சேரவே சேராது."

"தெரியும். கமெண்ட்ல எவனோ ஒருத்தன் என்னைக் கிழிச்சு எடுத்துட்டான்."

"அது நான்தான். வேற பேர்ல போட்டேன்."

தேத்தண்ணி கொண்டுவந்த ஷர்மினி அப்படியே நின்றாள். முதலில் சிரித்தது அவள்தான். அண்ணனும் சிரித்தார். தர்மேந்திரன் மட்டும் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தளத்தைத் திரும்பக் கட்ட ஒரு மாதம் ஆனது. இந்தத் தடவை பூட்டு விஷயத்தைத் தீபனிடமே ஒப்படைத்தார். பேக்-அப் தினமும் வேறொரு சர்வருக்குப் போகும்படி தீபன் செய்துவைத்தார். இதற்கிடையில் தனேஸ்வரனும் வி.பி.எஸ். எடுத்துவிட்டார் என்று தெரிந்தது.

"ரேம் எவ்ளோ போட்ருக்கான்?" என்று விசாரித்தார் தர்மேந்திரன்.

"ஒங்களதவிட டபுள்."

"எனக்கும் அதே போடு."

"ஒங்களுக்கு அவ்ளோ கூட்டம் வர்றது இல்லியேண்ணே."

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. ஆனால் தீபன் சொன்னது உண்மை என்பதால் தர்மேந்திரன் ரேம் பேச்சை அதோடு விட்டார்.

அடுத்த சனிக்கிழமை நேரலையில் தனேஸ்வரன் ஒரு கியர் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "இதப் பத்தி என்னைக் கேக்காதீங்க. சுங்கை சிப்புட்ல எங்க மச்சான் தர்மேந்திரன் இருக்காரு, அவருதான் குரு. அவரு சைட்டப் போய்ப் பாருங்க" என்று முகவரியையும் போட்டார். கூட்டம் சுங்கை சிப்புட் பக்கம் திரும்பியது. தர்மேந்திரன் கடையில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சர்வர் அசையவில்லை. ஆர்டர் மேல் ஆர்டர் விழுந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை ஷர்மினி கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததில்லை.

பிறகு நேரலைக்குக் கீழே வந்திருந்த கருத்துகளைப் படித்தார். "மச்சானத் தூக்கி விடறாரு பாருங்க. தனேஸ் அண்ணேக்குப் பெரிய மனசுலா" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரே இதயங்களாக விழுந்துகொண்டிருந்தன.

"பெரிய மனசாம்" என்று முனகிக்கொண்டே, தர்மேந்திரன் வந்த ஆர்டர்களைப் பார்சல் கட்ட எழுந்து போனார்.