முகமில்லாத கல்

மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் தோட்டம் அழிந்துபோன இடத்தில் எங்கள் மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. தோட்டத்துக்கு முதலில் வந்தவர்கள் ஒரு மரத்தடியில் நட்ட கல்தான் அங்கே அம்மன். திருப்பணிச் செயலாளர் நான். இந்தியாவிலிருந்து புதுச் சிலை வந்ததும் அந்தக் கல்லை முறைப்படி ஆற்றில் விட்டிருக்க வேண்டும். "மூக்கும் முழியும் இல்லாத கல்லுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று, கார் நிறுத்துமிடத்துக்குக் கொட்டிய மண்ணோடு போட்டு மூடச் சொல்லிவிட்டேன்.

கும்பாபிஷேகம் முடிந்த மறுவாரம், பக்கத்துச் சிலிபின் ஊரிலிருந்து ஒரு பெண் பால் செம்போடு வந்தார்.

"அண்ணே, பழைய அம்மன் எங்க?"

"எதுக்கும்மா?"

"நாங்க இந்தத் தோட்டத்துல இருந்தப்ப என் தம்பிக்குக் கடுமையான காய்ச்சல். அம்மாவுக்கு லீவு கிடைக்கல. அவன அந்தக் கல்லுகிட்ட படுக்க வச்சு, 'பாத்துக்க தாயி'ன்னு சொல்லிட்டு ரப்பர் மரத்துல பால் வெட்டப் போனாங்க. திரும்பி வந்தா உயிர் இல்ல. ஆனா அம்மா ஒரு நாளும் சாமிய ஏசல லா. 'நான் இல்லாதப்ப அவளாச்சும் கூட இருந்தா'ன்னு சொல்வாங்க. சாகுற வரைக்கும் வருசா வருசம் வந்து பால் ஊத்துனாங்க. இப்ப நான் ஊத்துறேன்."

வெளியே கூட்டிப்போய், கல் புதைந்து கிடக்கும் சிமெண்டுத் தரையைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. அதன் மேல் நின்ற காரைக் கை காட்டினார்.

"அந்தக் காரக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்கண்ணே."

அது என் கார்.

நான் அதை நகர்த்திய இடத்தில், எண்ணெய்க் கறையின் மேல் பாலை ஊற்றிவிட்டுப் போனார்.

திருப்பணி மலரில் கோயில் வரலாறு எழுதியவனும் நான்தான். சிலை செதுக்கிய ஊரின் பெயர்கூட அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.