தூரத்துக்குப் பதினைந்து

அலுவலகத்தில் அவருக்குத் 'தசமம்' என்று பெயர். லிஃப்ட் வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால்கூட ஒன்றேகால் நிமிடம் என்பார். சுகாதாரத் துறையின் திட்டப் பிரிவில் இருபத்தாறு வருடங்கள். நேர்மையானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருடைய அக்கறை நேர்மை மேலா, அந்தப் பெயர் மேலா என்பது வேறு கேள்வி.

நகரில் ஐந்து டயாலிசிஸ் மையங்கள். ஒன்றை மூட வேண்டும். செலவு, கட்டடத்தின் நிலை, ஊழியர் எண்ணிக்கை, மூடினால் நோயாளி அலைய வேண்டிய தூரம் என நான்குக்கும் சேர்த்து நூறு மதிப்பெண். எதற்கு எவ்வளவு என்று குழுதான் தீர்மானிக்க வேண்டும். அதுவரை கட்டம் காலியாக இருக்க வேண்டாமே என்று, தூரத்துக்குப் பதினைந்து என தசமமே போட்டு வைத்தார். குழு கூடியது, டீ குடித்தது, கலைந்தது. பதினைந்தை யாரும் தொடவில்லை.

கிழக்கு மையத்தை மூடலாம் என்று கணக்கு சொன்னது.

வழக்கம்போல எண்களைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். தூரத்துக்குப் பதினேழு கொடுத்தால் கிழக்கு தப்பித்தது, வடக்கு மாட்டிக்கொண்டது. கிழக்கு மையத்தில்தான் அவருடைய அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பதினேழின் கதையை அறிக்கையின் ஏழாம் இணைப்பில், சின்ன எழுத்தில் எழுதினார்.

இறுதிக் கூட்டத்தில் இயக்குநர் கேட்டார்: "என்னப்பா தசமம், எண்களை ஆட்டிப் பாத்தியா? முடிவு நிக்குதா?"

"அவர் ஆட்டினா இந்தக் கட்டடமே நிக்காது சார்" என்றார் கணக்கு அதிகாரி.

சிரிப்பு அடங்கும்வரை தசமத்துக்கு நேரம் இருந்தது. வாயைத் திறந்தால் அக்காவுக்காகப் பேசுகிறான் என்பார்கள்.

"பொதுவா நிக்குது சார்."

மையம் மூடி இரண்டு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனார். கட்டிலில் படுத்திருந்தாள். செருப்பில் நுழையாத அளவுக்குப் பாதம் வீங்கியிருந்தது.

"இன்னிக்கு உன் நாளாச்சே, போகலையாக்கா?"

"வாரம் ரெண்டு போதும்னு விட்டுட்டேன். ரெண்டு பஸ் மாறிப் போய்ட்டு வர்றதுக்குள்ள உசிரு போயிடுதுடா."

"டாக்டர் மூணு தடவைன்னு..."

"டாக்டரா பஸ்ல வர்றாரு? ஏண்டா, உங்க கணக்குல தூரத்தைச் சேத்தீங்களா, இல்லையா?"

"சேத்தோம்க்கா."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"நீயா? அப்போ சரியாத்தான் இருக்கும்" என்றாள். போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். "மூணை ரெண்டாக்கினா என்ன ஆகும்னும் போட்டுப் பாத்துச் சொல்லேன்."

போட்டுப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.