முதுகு பார்க்கிற உத்தியோகம்

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பிள்ளைகளின் முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது என் தொழில், நான் பிசியோதெரபிஸ்ட். கணக்கெடுப்புக்கும் தடுப்பூசிக்கும் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். நம் தலையைக் கண்டதும் ஸ்டாஃப் ரூமில் ஒரு முனகல் கிளம்புமே, அதே முனகல்தான் எனக்கும்.

வேலை என்னவோ எளிது. பிள்ளை எனக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டுக் குனிய வேண்டும். கொத்தனார் வைக்கிற ரசமட்டம் போன்ற ஒரு சின்னக் கருவியை முதுகின் குறுக்கே வைப்பேன். அதற்குள் உருளும் குண்டு ஏழு டிகிரியைத் தொட்டால் எக்ஸ்ரேவுக்குச் சீட்டு. வளர்கிற வயதில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பெல்ட் போட்டே வளைவை நிறுத்திவிடலாம். வளர்ந்து முடிந்த பிறகு தெரிந்தால் பெல்ட்டால் பலனில்லை. வளைவு முற்றியிருந்தால் ஆபரேஷன்தான். அதனால் எனக்கு எப்போதும் ஓர் அவசரம். அந்த அவசரம் செய்த கூத்துகளைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒற்றைக்கால் தவம்

பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் குண்டு எட்டைத் தொட்டது. பதறிப்போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவன் அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டு, பையனைத் தருமபுரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு நூல் பிடித்த மாதிரி இருந்திருக்கிறது.

மறுநாள் அவர் பள்ளிக்கே வந்து நின்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலாம். அவர் பையனின் வலது காலைத் தூக்கி அடிப்பாதத்தைக் காட்டினார். பையன் அன்று அந்தக் காலை ஊன்றாமல், நொண்டிக்கொண்டே குனிந்திருக்கிறான். நான் முதுகைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார்: "முதுகுக்குச் சீட்டு குடுத்தீங்க. முள்ளு காலுல இருந்துச்சுங்க."

ஒரே பீரியட்

அரூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. பெண் பிள்ளைகளைப் பார்க்கக் கதவு உள்ள அறை வேண்டும், சீருடையின் மேல்கோட்டைக் கழற்ற வேண்டும், கூட ஒரு டீச்சர் வேண்டும். தலைமையாசிரியர் ஸ்போர்ட்ஸ் சாமான் போட்டு வைக்கிற அறையைத் திறந்துவிட்டார். டீச்சர்கள் யாருக்கும் ஓய்வில்லையாம். பி.டி. சார் கதவுக்கு வெளியே திரும்பி நின்று பெயரை வாசிப்பார். பிள்ளை "எஸ் மேடம்" சொல்லி உள்ளே குனியும். நான் எண்ணை எழுதுவேன். வகுப்புக்கு ஒரு பீரியட்தான். இன்னொரு பீரியட் கேட்டுக் கெஞ்சினேன். தலைமையாசிரியர் சொன்னது: "பப்ளிக் எக்ஸாம்ல முதுகுக்கு மார்க் கிடையாதுங்களே, மேடம்."

ஆறு

அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு கோகிலாவுக்கு ஆறு வந்தது. வலது தோள்பட்டை எலும்பு லேசாக மேடு தட்டியிருந்தது. ஏழைத் தொடவில்லை என்பதால் சீட்டு கிடையாது, நான்கு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த வயதில் நான்கு மாதம் என்பது சின்ன விஷயமில்லை என்று அம்மாவை வரச் சொன்னேன்.

அம்மா மாதம்மாள் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்ட காட்டிலிருந்து நேராக வந்திருந்தார். நான் பேசி முடிக்கிற வரைக்கும் சுவரோடு சாய்ந்து நின்றார். பிறகு பக்கத்திலிருந்த கதவைப் பின்கையாலேயே சாத்திவிட்டு வந்து, என் பதிவேட்டின் மேல் கையை வைத்தார். "இத நோட்டுல எழுதாதீங்க மேடம். பொட்டப்புள்ள. நாளைக்குக் கண்ணாலம்னு பேச்செடுத்தா, ஊரே இதத்தான் மொதல்ல சொல்லும்."

நல்ல சேதி

நான் எழுதத்தான் எழுதினேன். நான்கு மாதம் கழித்து அதே அறை, அதே பி.டி. சார். கோகிலாவை மட்டும் கூப்பிட்டால் ஊர் பேசும் என்று வகுப்பையே மறுபடி குனியச் சொன்னேன். "கோகிலா" என்றார். "எஸ் மேடம்" என்று குரல் வந்தது, ஒரு முதுகு குனிந்தது. குண்டு இரண்டில் நின்றது. ஆறு தானாக இரண்டுக்கு இறங்குவது அபூர்வம் என்று படித்தவள்தான் நான். ஆனாலும் கெட்ட சேதியை மூன்று முறை சரிபார்க்கிற நாம், நல்ல சேதியை ஒருமுறைகூடச் சந்தேகிப்பதில்லை. வெளியே நாற்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். எழுதிக்கொண்டு, "அடுத்து" என்றேன்.

மதியம் சந்தோஷம் தாங்காமல் மாதம்மாளுக்கு நானே போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறார் என்று புரிந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இன்னிக்குத்தான் மேடம் வாயில சோறு எறங்கும்."

அரூர் பஸ் ஸ்டாண்டில்

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, சேலம் பஸ்ஸுக்காக அரூரில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் சுடிதார் போட்ட ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். வலது தோள் ஏறியிருந்தது, இடது இடுப்பில் மட்டும் ஒரு மடிப்பு. எனக்கு முகங்கள் ஞாபகம் இருப்பதில்லை, முதுகுகள் இருக்கும். இதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு வளைந்து பார்க்கவில்லை. "கோகிலா" என்றேன்.

திரும்பினாள். அவள் முகத்தை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். அவளும் என்னை அடையாளம் கண்டு வெலவெலத்துப் போனாள். "அன்னைக்குக் குனிஞ்சது யாரும்மா?" என்று கேட்டேன். பஸ் வந்தது, கூட்டம் ஏறியது, நாங்கள் இருவரும் ஏறவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "சுகன்யா மேடம். நான்தான் குனியச் சொன்னேன். நீங்க ஆறுன்னு எழுதினதுல இருந்து எங்கம்மா சரியாவே சாப்புடல."

ஒரே முதுகு, இரண்டு அளவு

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அந்தப் பள்ளிக்கு ஓடினேன். கோகிலாவைக் குனியச் சொல்லிக் கருவியை வைத்தால், குண்டு பன்னிரண்டுக்குப் போனது. இன்னும் இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். ஆறிலிருந்து பன்னிரண்டு. பஸ் ஸ்டாண்டில் பார்க்காமல் விட்டிருந்தால், அடுத்த வருஷப் பரிசோதனை வரைக்கும் இவள் என் பதிவேட்டில் ஆரோக்கியமாக இருந்திருப்பாள்.

பதிவேட்டைப் புரட்டினேன். அன்றைக்குக் கோகிலாவுக்கு இரண்டு, சில பெயர்கள் தள்ளி சுகன்யாவுக்கு மூன்று. ஒரே முதுகுக்கு ஒரே பீரியடில் இரண்டு அளவு எழுதியிருக்கிறேன். சுகன்யாவைக் கூப்பிட்டேன். திட்டத்தான் கூப்பிட்டேன், ஆனால் யாரைத் திட்டுவது? குச்சி போல ஒரு பெண், கண்ணில் நீர் முட்ட நின்றாள். "என் முதுகு நேராத்தான மேடம் இருக்கு. அவளுக்கும் ஒருக்கா குடுத்தா என்னன்னு நெனச்சேன்."

சேலம்

மாதம்மாளிடம் உண்மையைச் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை, மகளையும் திட்டவில்லை. மறுநாளே சேலத்துக்குக் கிளம்பினார், நானும் போனேன். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். வளர்ச்சி இன்னும் பாக்கி இருக்கிறது, பெல்ட் போட்டுப் பார்க்கலாம், ஆறு மாதத்தில் வளைவு கூடியிருந்தால் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்றார். குளிக்கிற நேரமும் விளையாடுகிற நேரமும் போக, மற்ற நேரமெல்லாம் பெல்ட். அந்தச் சித்திரை வெயிலிலும் கோகிலா அதைக் கழற்றவில்லை. வேர்க்குரு வந்து முதுகெல்லாம் சிவந்தது.

ஆறு மாதம் முடிந்து மறுபடி போனோம். புது எக்ஸ்ரேயைப் பழையதோடு வைத்து டாக்டர் கோடு போட்டு அளந்தார். "கூடல. இப்படியே போடட்டும்" என்றார். கோகிலா சிரித்தாள்.

பெல்ட்டைச் சரிசெய்ய அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். காலியாக இருந்த பரிசோதனை அறையில் நானும் மாதம்மாளும் மட்டும். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, இழுத்துப் போர்த்தியிருந்த முந்தானையை எடுத்தார். என் முன்னால் முதுகைக் காட்டி நின்று, யாரும் சொல்லாமலே குனிந்தார். கருவி தேவைப்படவில்லை. விலா எலும்பு ஒரு பக்கமாக மேடிட்டிருந்தது. இத்தனை தடவை சந்தித்திருக்கிறோம். ஒரு முறையாவது இவர் எனக்கு முதுகைக் காட்டி நடந்திருக்கிறாரா என்று அப்போதுதான் யோசித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. நிமிர்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "கண்ணாலமாகி மூணாம் மாசம் மாமியார் பாத்துட்டாங்க. அன்னில இருந்து ஊர்ல எனக்கு இதான் பேரு. நான் படிக்கறப்ப யாரும் வந்து எங்களக் குனியச் சொல்லல, மேடம்."

ஆயிரம் முதுகைப் பார்த்தால் அரை வைத்தியராகிவிடலாம் என்று நினைத்திருந்த நான், இப்போதெல்லாம் பிள்ளையை முதலில் என் பக்கம் திரும்பி நின்று பெயர் சொல்லச் சொல்கிறேன், ஒரு வகுப்புக்கு இரண்டு பீரியட் ஆனாலும் பரவாயில்லை என்று.